பாசிக்குப் போகும் மதினிக்குத் தூக்கம் வர எது உதவும்?

பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில் இருக்கும் என் மதினிக்கு வயது 48. மாதவிடாய் நின்று பத்து மாதமாகிறது. "ராத்திரி ரெண்டு மணிக்கு உடம்பு காந்தி முழிப்பு வந்திருது. அப்புறம் விடியிற வரைக்கும் கூரையைப் பாத்துக்கிட்டுத்தான் கெடக்கேன்" என்றார். மறுநாள் விரலில் துணி சுற்றிக்கொண்டு கடலில் முங்கிப் பாசி எடுக்க வேண்டும். அசதியோடு செய்கிற வேலையா அது?

தெருவில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அமுக்கரா (அசுவகந்தா), ஜாதிக்காய், யோகா, அக்குபங்சர் என்கிற ஊசி வைத்தியம் என்று நீண்டது. எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

அதற்கு முன்னால் ஒன்று. தூக்கமின்மை வேறு, அசதி வேறு. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில வருடங்களில் பலருக்கு உதிரப்போக்கு அதிகமாக இருக்கும், இரத்தம் வற்றிப்போகும். தைராய்டு குறைந்தாலும் இதே அசதிதான். மதினிக்குச் சோதித்தபோது ஹீமோகுளோபின் 8.9. இதை விட்டுவிட்டு எந்தச் சூரணம் தின்றும் பயனில்லை. அவரோ இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கிக்கொண்டிருந்தார்! டீ அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

சரி, தூக்கத்துக்கு வருவோம். எங்கள் பக்கம் முதலில் கைக்கு வருவது அமுக்கரா சூரணம்தான். அரசு மருத்துவமனை சித்தா பிரிவிலேயே கிடைக்கும், செலவில்லை, பாலில் கலக்கிக் குடித்தால் முடிந்தது. அமுக்கராக் கிழங்கு தூக்கத்துக்கு ஓரளவு உதவுவதாகச் சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் சூரணத்தில் சுக்கு, மிளகு, திப்பிலியோடு சர்க்கரையும் சேரும். நீரிழிவுக்காரர்கள் கேட்டு வாங்க வேண்டும். தைராய்டு மாத்திரை போடுபவர்களும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் தாமாக எடுக்கக் கூடாது. அரிதாகக் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. ஜாதிக்காய் ஒரு சிட்டிகையோடு நிற்கட்டும். அளவு மிஞ்சினால் படபடப்பு, மனக்குழப்பம் வரை போகும்.

யோகா, உடற்பயிற்சி, மீன் எண்ணெய் மாத்திரை மூன்றையும் அமெரிக்காவில் 355 பெண்களிடம் 12 வாரம் சோதித்து 2014-இல் முடிவு வெளியிட்டார்கள். உடம்பு காந்துவதை மூன்றும் குறைக்கவில்லை. யோகா செய்தவர்களுக்குத் தூக்கம் கொஞ்சம் தேறியது. மீன் எண்ணெயால் பலனில்லை. சூடையும் சாளையும் தின்று வளர்ந்த ஊரில் அந்த மாத்திரைக்குப் பணம் கொடுப்பானேன்? ஊசி வைத்தியத்தை ஆஸ்திரேலியாவில் சோதித்தபோது, நிஜ ஊசிக்கும் போலி ஊசிக்கும் காந்தல் ஒரே அளவில்தான் குறைந்தது.

யாரும் விற்காத வைத்தியம் ஒன்று மிச்சம். தூக்கத்துக்குக் கணக்கு வைப்பது. மருத்துவர்கள் சிபிடி-ஐ என்று சொல்லும், தூக்கப் பழக்கத்தையும் தூக்கம் பற்றிய நினைப்பையும் மாற்றும் பயிற்சியில் இது முக்கியமான பகுதி. 2016-இல் வந்த ஓர் ஆய்வில் 106 பெண்கள். ஒரு பாதிப் பேருக்கு இந்தப் பயிற்சியை 8 வாரத்தில் ஆறு தொலைபேசி அழைப்புகளிலேயே கற்றுக்கொடுத்தார்கள். வெறும் அறிவுரை கேட்ட மறுபாதியைவிட இவர்களுக்குத் தூக்கமின்மை ஏறக்குறைய இரண்டு மடங்கு குறைந்தது. காந்தல் நிற்கவில்லை, ஆனால் அதன் தொல்லை குறைந்தது.

மதினியின் கணக்கு இப்படி: ஒன்பது மணிக்குப் படுத்து ஐந்துக்கு எழுகிறார், தூங்குவதோ ஐந்தரை மணி நேரம். ஆகவே பதினொன்றுக்கு முன் பாயை விரிக்கக் கூடாது. நாலரைக்கு எழ வேண்டும், எந்த நாளானாலும். இருபது நிமிடம் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்கார வேண்டும். படுத்த நேரம் பெரும்பாலும் தூக்கமாகவே கழியத் தொடங்கியதும் வாரத்துக்குப் பதினைந்து நிமிடம் கூட்டலாம். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே மட்டும் இறக்கக் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

இதில் சிக்கல் முதல் வாரம். பகலில் கண் சொக்கும். அந்த நிலையில் கடலில் முங்குவது ஆபத்து. பாசிக்குப் போவதோ அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய சில நாட்கள்தான். இடையில் ஒரு வாரம் கரையில் இருப்பார்கள். கணக்கை அந்த வாரத்தில் தொடங்கினால் சரியாக வரும். அந்த வசதி இல்லாதவர்களுக்கு, அதாவது கருவாடு கம்பெனிக்குத் தினமும் போகிறவர்களுக்கு, யோகாவையும் சித்த மருத்துவர் பார்த்துக் கொடுக்கும் அமுக்கராவையும்தான் நான் சொல்வேன்.

அமாவாசைப் பாசி முடிந்த மறுநாள் ஆரம்பிக்கிறேன் என்றிருக்கிறார் மதினி. சாயங்கால டீயை மட்டும் விடமாட்டாராம். நாலு மணிக்கு முன்னால் குடியுங்கள் என்று பேரம் பேசி வைத்திருக்கிறேன்.