தர்மபுரி, கிருஷ்ணகிரியில் மரக்கதவு: எது தேறும், எது தேறாது

இந்த இரண்டு மாவட்டத்திலும் கதவு வாங்க மூன்று வழி உண்டு. அறுவை மில்லில் மரம் எடுத்துத் தச்சுப் பட்டறையில் கொடுத்துச் செய்வது, ஷோரூமில் ரெடிமேடாக நிற்கும் பேனல் கதவை எடுப்பது, ஃப்ளஷ் கதவு (இரண்டு முகமும் ப்ளைவுட் ஒட்டிய தட்டைக் கதவு) போடுவது. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். தலைவாசலுக்கு, காய்ந்த மரம் இருப்பு வைத்திருக்கும் பட்டறை. உள்ளறைகளுக்கு நல்ல ஃப்ளஷ் கதவு. குளியலறைக்கு மரமே வேண்டாம். ஷோரூம் பேனல் கதவுகளில் சில உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன, பல பாலிஷில் மட்டும் நன்றாக இருக்கின்றன.

கடை ஏறியதும் எல்லோரும் கேட்பது "தேக்கா, வேங்கையா?" என்றுதான். அதற்கு முன் கேட்க வேண்டியது ஈரம். நம் ஊர் வெயிலுக்குக் கதவுச் சட்டமும் பலகையும் 10 முதல் 12 சதவீத ஈரத்தில் இருக்க வேண்டும். சுவரில் பதிக்கும் நிலைக்கு 14 வரை பொறுக்கலாம். புதிதாக அறுத்த மரம் 30-க்கு மேல் இருக்கும். அதை மூன்று மாதம் நிழலில் அடுக்கி வைத்துவிட்டு "காஞ்ச மரம் சார்" என்று விற்கிறார்கள். இரண்டங்குலக் கட்டை அதற்குள் 18-க்கு வந்தாலே பெரிது. 18-இல் செய்த கதவு பங்குனி, சித்திரையில் 10-க்கு இறங்கும்போது, ஓர் அடி அகலத் தேக்குப் பலகை நான்கு மில்லிமீட்டர் வரை சுருங்கும். பலகைக்கும் சட்டத்துக்கும் இடையில் பாலிஷ் படாத வெள்ளைக் கோடு தெரிவது அப்போதுதான். கடலோர ஈரக்காற்றில் செய்து இங்கே வந்து நிற்கும் ரெடிமேட் கதவுகளில் இது அடிக்கடி நடக்கிறது.

சூளையில் உலர்த்திய மரம் என்றால் பட்டறைக்காரர் ஈரமானியை எடுத்து நீட்டத் தயங்க மாட்டார். இரண்டு ஊசி உள்ள சின்னக் கருவி. மேல்தோலில் குத்திக் காட்டினால் நம்ப வேண்டாம், மேல் சீக்கிரம் காயும். கட்டையின் நுனியிலிருந்து ஒரு முழம் தள்ளி வெட்டச் சொல்லி, புது முகத்தின் நடுவில் குத்திப் பார்க்க வேண்டும். கருவி இல்லையா? அதே இடத்தில் ஒரு துண்டு வாங்கி எடை போடுங்கள். 103 டிகிரி அடுப்பில், எடை இனிக் குறையாது என்னும் வரை வைத்து மறுபடி எடை போடுங்கள். 112 கிராம் 100 ஆனால் ஈரம் 12 சதவீதம்.

வெட்டிய தலைப்பக்கத்தைப் பார்க்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடலாம். வளைய வரிகள் பலகையின் கனத்தில் செங்குத்தாய் நின்றால் நல்ல அறுவை. வானவில்போல் வளைந்து படுத்திருந்தால் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும், வில்லாய் வளையவும் செய்யும். அகலமான ஒற்றைப் பலகை என்று பெருமையாகக் காட்டுவது பெரும்பாலும் இந்த ரகம். அதையே மூன்றாகக் கிழித்து ஒட்டிச் சேர்த்தால் ஒழுங்காக நிற்கும். "ஒட்டுப் போட்ட பலகை" என்று முகம் சுளிக்கத் தேவையில்லை.

ஈர மரம் வீட்டுக்குள் நுழைவதற்கு முகூர்த்தமும் ஒரு காரணம். தலைவாசல் நிலை நிறுத்த நாள் குறித்துவிட்டு, பத்து நாள் இருக்கும்போது பட்டறைக்கு ஓடுகிறோம். ஆவணி, தை, வைகாசி வந்தால் எல்லாப் பட்டறையும் இப்படித்தான். கையில் இருக்கிற மரத்தைச் சீவித் தருவதைத் தவிர அவர்களுக்கும் வழியில்லை. கடைக்கால் எடுக்கும்போதே நிலை மரத்துக்குச் சொல்லிவிடுங்கள். கதவு அளவை மட்டும் பூச்சு முடிந்து, தரை போட்ட பிறகு எடுக்கலாம். இரண்டையும் ஒரே நாளில் ஆர்டர் கொடுப்பதில் யாருக்கும் லாபமில்லை.

நிலையில் கெடுவது எப்போதும் அடிப்பகுதிதான். காலையில் வாசல் தெளிக்கும் தண்ணீர், வெள்ளிக்கிழமை படி கழுவும் தண்ணீர் எல்லாம் கீழ்ச் சட்டத்தின் மூட்டில் போய்த் தங்கும். நாலைந்து வருடத்தில் கரையான் அங்கேதான் வாய் வைக்கும். கிரானைட்டுக்குப் பேர்போன கிருஷ்ணகிரியில் மரப்படி போடுவது வேடிக்கையாக இருக்கிறது. படியைக் கல்லில் போட்டு, இரண்டு கால்களையும் அதன் மேல் நிறுத்தினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். கால்களின் வெட்டுமுகத்தில் பிரைமரை இரண்டு கை ஊறவிட வேண்டும், மரம் தண்ணீர் குடிப்பது அந்த வழியாகத்தான். சுவர்ப் பக்கம் தார்ப்பூச்சு அடித்து, பக்கத்துக்கு மூன்று ஹோல்ட்ஃபாஸ்ட் (நிலையைச் சுவரோடு பிடிக்கும் இரும்புப் பட்டை) வைக்க வேண்டும். நிலை நின்றபின் கொத்தனார் சுவருக்குத் தண்ணீர் விடும் நாட்களில் நிலையைப் பாலித்தீன் சுற்றி மூடி வைக்கச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் செய்ய மாட்டார்கள்.

இனி கதவு. சட்டங்கள் சேரும் இடத்தில் ஒன்றில் துளை, மற்றதில் நாக்கு இருக்க வேண்டும். நாக்கின் கனம் சட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு. ஒன்றரை அங்குலச் சட்டத்துக்கு அரை அங்குல நாக்கு, அது எதிர்ச் சட்டத்தில் ஆழமாகப் போய் உட்கார வேண்டும். ஷோரூம் கதவுகளில் இந்த இடத்தில்தான் சிக்கனம் செய்கிறார்கள். இரண்டு மரக்குச்சியைச் செருகி ஒட்டிவிடுகிறார்கள். உள்ளறைக்கு அது தாங்கும், நாற்பது கிலோ தலைவாசலுக்கு நாளாவட்டத்தில் தொங்கும். பூட்டுப் பக்க மூலை தரையில் உரசத் தொடங்கினால் கீலைக் குறை சொல்லுமுன் மூட்டைப் பாருங்கள்.

பலகை, சட்டத்தில் வெட்டிய காடி என்னும் பள்ளத்துக்குள் மிதக்க வேண்டும். காடி அரை அங்குல ஆழம், பலகைக்கு இரண்டு பக்கமும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி, பசை கூடாது, ஆணியும் கூடாது. பலகை ஆடுகிறதே என்று வாடிக்கையாளர் குறை சொல்வாரோ என்ற பயத்தில் பல பட்டறைகளில் ஆணி அடித்துவிடுகிறார்கள். சுருங்க இடமில்லாத பலகை நடுவில் நீளவாக்கில் பிளக்கும். பிறகு அதில் பட்டி பார்த்து மூடுவார்கள், அடுத்த கோடையில் பட்டியும் பிளக்கும். பலகையைச் சட்டத்தில் பூட்டுவதற்கு முன்பே அதன் ஓரங்களுக்கும் நிறம் பூசிவிட்டால், சுருங்கினாலும் வெள்ளைக் கோடு தெரியாது. கால் மணி நேர வேலை. இதைக் கேட்காமலே செய்யும் பட்டறை கிடைத்தால் வேறு எங்கும் போக வேண்டாம்.

சிஎன்சி இயந்திரத்தில் குடையும் லட்சுமி, யானை, மயில் பற்றி ஒரு வார்த்தை. ஒன்றரை அங்குலப் பலகையில் முக்கால் அங்குலத்துக்கு மேல் குடைந்தால் மிச்சம் தாங்காது. ஆழமாகத் தெரிய வேண்டுமென்றால் உருவத்தைத் தனியாகச் செதுக்கிப் பதிப்பதே மேல்.

மரம் எங்கிருந்து வருகிறது? பொறுப்பான மரம், சான்றிதழ் மரம் என்று விளம்பரத்தில் வரத் தொடங்கிவிட்டது. எஃப்எஸ்சி (காட்டைப் பொறுப்பாகப் பராமரித்து எடுத்த மரத்துக்குத் தரும் பன்னாட்டுச் சான்று) என்று சொன்னால் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் பார்த்துத் திரும்பிவிட வேண்டாம். அது பட்டறைக்கு, உங்கள் கதவுக்கு அல்ல. உங்கள் பில்லில் அந்தக் கதவுக்கு நேராக 'எஃப்எஸ்சி 100%' அல்லது 'எஃப்எஸ்சி மிக்ஸ்' என்ற வாசகமும் சான்றிதழ் எண்ணும் இருக்க வேண்டும். எண்ணை எஃப்எஸ்சி இணையதளத்தில் போட்டால் அது உயிரோடு இருக்கிறதா, எந்தப் பொருளுக்கு என்பது தெரியும். பில்லில் வராத சான்றிதழுக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

'பர்மா தேக்கு' என்ற பெயர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. ஆகவே அங்கிருந்து புதிதாய் வந்த உருட்டு என்று யாராவது காட்டினால் காகிதம் கேளுங்கள். கானா போன்ற நாடுகளிலிருந்து தோட்டத் தேக்கு வருகிறது. அதுவும் தேக்குதான், தாழ்வில்லை. வேகமாக வளர்ந்த மரம் என்பதால் வளையம் அகலமாகவும் ஓரத்து வெள்ளை அதிகமாகவும் இருக்கும். அந்த வெள்ளையைச் சாயம் போட்டு வைரம் (உள்பக்கத்து முற்றிய மரம்) என்று விற்பதுதான் தப்பு. தின்னர் நனைத்த துணியால் கதவின் மேல் விளிம்பைத் தேய்த்தால் சாயம் துணிக்கு வந்துவிடும். ஆப்பிரிக்கப் படாக் (வேங்கைக்கு உறவான சிவப்பு மரம்) வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2022-இல் நடந்த சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) மாநாட்டில் ஆப்பிரிக்காவின் அந்த இன மரங்கள் எல்லாம் அதன் இரண்டாம் பட்டியலில் சேர்ந்துவிட்டன. சைட்டிஸ் அனுமதிக் காகிதம் இல்லாத சரக்கைத் தொடாதீர்கள்.

உள்ளூர் மரத்தில் வேங்கை அருமையான மரம், கனம், உறுதி. ஆனால் இயற்கைக் காட்டில் குறைந்துவரும் மரம், வந்த வழி தெரியாமல் வாங்கக் கூடாது. ஈரம் பட்டால் சுவரில் மஞ்சள் கறை விடும், இரும்பு ஆணி பட்ட இடம் கறுக்கும், அதனால் பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகுதான். வேம்பு நிலைக்கு நல்லது, கரையான் அவ்வளவாகத் தொடாது. அவசரமாகக் காயவைத்தால் முறுக்கிக்கொள்ளும். மாந்தோப்பு அழிக்கும்போது வரும் மாமரத்தை வாசலுக்குப் போடாதீர்கள். போரிக் அமிலம் ஒரு பங்கு, போராக்ஸ் ஒன்றரைப் பங்கு கலந்த கரைசலில் ஊறவைத்து உலர்த்தினால் உள்ளறைப் பேனலுக்கு ஆகும். ஊறவைக்காத மாமரம் உளுத்து மாவு கொட்டும். பட்டா நிலத்துத் தேக்கு கிடைத்தால் விற்றவரின் பெயர், ஊர், வனத்துறைப் போக்குவரத்து அனுமதி மூன்றும் இருக்க வேண்டும். மலைக்கிராமத்து மரம் என்றால் கூடுதல் கவனம் தேவை. 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட ஊர்களில் அனுமதியின்றி வெட்ட முடியாது.

எல்லாவற்றையும்விட மனசுக்கு நிறைவானது, பழைய வீடு இடிக்கும்போது வரும் உத்தரமும் தூணும்தான். காய்ந்து முடிந்த மரம், புதிதாய் எதையும் வெட்டவும் இல்லை. பழைய ஆணி பிளேடை உடைக்கும் என்பதால் பட்டறைக்காரர்கள் முணுமுணுப்பார்கள். ஆணி பிடுங்கும் கூலியைத் தனியாகக் கொடுத்துவிட்டால் முணுமுணுப்பு நின்றுவிடும்.

விலை கன அடியில் பேசுவார்கள். ஏழடிக்கு மூன்றரை அடி நிலை, ஐந்துக்கு மூன்று அங்குலக் கட்டை, கீழ்ச் சட்டமும் சேர்த்து நீளம் 21 அடி, மரம் சுமார் 2.2 கன அடி. கல்படி போட்டால் மூன்றரை அடி நீளம் குறையும், 1.8-க்கு வரும். சீவுவதற்கு முன்பு அளந்ததா, பின்பு அளந்ததா என்று கேட்டுத்தான் விலையை ஒப்பிட வேண்டும். ஒன்றே முக்கால் அங்குலக் கட்டையைச் சீவினால் ஒன்றரைதான் மிஞ்சும். ஏழில் ஒரு பங்கு சீவலாகப் போய்விடும். குறைந்த விலை சொல்லும் கடை, சீவுவதற்கு முன்பு அளப்பதாக இருந்தால் அது குறைந்த விலையே இல்லை.

ஃப்ளஷ் கதவுக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஐஎஸ் 2202 (ஃப்ளஷ் கதவுக்கான இந்தியத் தரம்) முத்திரை பார்க்க வேண்டும், உள்ளே முழுக்க மரத்துண்டு அடைத்ததா என்று கேட்க வேண்டும், பூட்டு வரும் இடத்தில் கட்டை இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டும். மேல் கீழ் விளிம்பைப் பெயிண்டால் அடைக்காமல் விட்டால் எவ்வளவு விலை கொடுத்த கதவும் ஊதும்.

மேற்குப் பார்த்த வாசலுக்கு மெலமைன் பாலிஷ் கூடாது, வெயிலில் வெடிக்கும். வெளிப்புறத்துக்கான பியூ (பாலியூரிதேன் பூச்சு) அடிக்க வேண்டும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, அடிக்கும் முன் தின்னரால் துடைக்காவிட்டால் உரியும். மாட்டும்போது பக்கமும் மேலும் மூன்று மில்லிமீட்டர், கீழே ஐந்து. தலைவாசலுக்கு ஐந்து அங்குலக் கீல் நான்கு, மேல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், ஏனென்றால் இழுவை முழுக்க மேல்கீலுக்குத்தான். தேக்கில் திருகு ஏற்றுமுன் சின்னத் துளை போட்டுக்கொள்ள வேண்டும், சுத்தியலால் அடித்து ஏற்றிய திருகு ஒரு வருடம் பிடிக்காது. கதவை மாட்டிய பிறகு கழற்றி, மேல் கீழ் விளிம்புகளுக்கு இரண்டு கை பாலிஷ் அடித்து மறுபடி மாட்டினார்களா என்று பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.