டப்ளின் தொகுதி வரலாற்று நடை: முதல் பாதிக்கே காசு தகும்

தேர்தல் கணக்குகளில் கொஞ்சமாவது பித்து இருப்பவர்களுக்கு மட்டும் இந்த விமர்சனம். டப்ளின் நகர மையத்தில், அயர்லாந்தின் நாடாளுமன்றத் தொகுதிகள் எப்படி உருவாகின, எப்படி விலைபோயின, எப்படி மாறின என்று சொல்லிக்கொண்டே அழைத்துப் போகும் ஒரு நடை இருக்கிறது. கட்டணம் 15 யூரோ, ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் தனி ஆளாக நடத்துகிறார். குறைகளும் எழுதப்போவதால் அவர் பெயரைப் போடவில்லை. போக நினைப்பவர்கள் கேளுங்கள், சொல்கிறேன்.

நடை தொடங்குவது காலேஜ் கிரீனில், இப்போது பேங்க் ஆஃப் அயர்லாந்து இருக்கும் பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னால். 1729-இல் அடிக்கல் போட்டது. டிராம் மணியும் பஸ் இரைச்சலும் சேர்ந்து முதல் பத்து நிமிடம் பாதிதான் காதில் விழும். முன்வரிசையில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் எடுத்த எடுப்பில் ஒரு கணக்குப் போடச் சொல்கிறார். 32 கவுண்டிகள் (நம்மூர் மாவட்டம் மாதிரி), ஒவ்வொன்றுக்கும் இரண்டு உறுப்பினர், ஆக 64. 117 ஊர்கள், தலா இரண்டு, ஆக 234. டிரினிட்டி கல்லூரிக்கு 2. மொத்தம் 300. "இதில் நிஜமாகத் தேர்தல் நடந்த இடம் எத்தனை இருக்கும்?" என்று கேட்டுவிட்டு, நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்.

பெரும்பாலான ஊர்த் தொகுதிகள் யாரோ ஒரு பிரபுவின் சட்டைப்பையில் இருந்தன. வெக்ஸ்ஃபோர்ட் கவுண்டியில் பானோ என்ற ஊரை மணல் மூடி நெடுங்காலம் ஆகியிருந்தது. ஊரே இல்லை, ஆனால் 1800 வரை அதற்கு இரண்டு உறுப்பினர்கள் இருந்தார்கள். நாட்டில் பெரும்பான்மையான கத்தோலிக்கர்களுக்கு 1728 முதல் 1793 வரை ஓட்டே கிடையாது. 1829 வரை உறுப்பினராக உட்காரவும் முடியாது. இதையெல்லாம் அவர் கோபமில்லாமல், பட்டா சிட்டா வாசிக்கும் விஏஓ மாதிரி ஒரே குரலில் சொல்லிக்கொண்டு போகிறார். அதனாலேயே நன்றாக உறைக்கிறது.

நடையின் உச்சம் என்று நான் சொல்வது அடுத்த கட்டத்தை. பிரிட்டனோடு இணைப்பு 1801 ஜனவரி 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தபோது, 300 இடங்கள் லண்டனில் 100 ஆகச் சுருங்கின. ஒழிக்கப்பட்ட ஊர்த் தொகுதிகள் 84. ஒவ்வொன்றுக்கும் 15,000 பவுண்டு இழப்பீடு. பணம் வாக்காளர்களுக்குப் போகவில்லை, தொகுதியை வைத்திருந்தவர்களுக்குப் போனது. மொத்தம் 12,60,000 பவுண்டு. இணைப்பைக் கடைசிவரை எதிர்த்த டவுன்ஷர் பிரபுவுக்கும் 52,500 பவுண்டு கிடைத்தது. வகுத்துப் பார்த்தால் மூன்றரை ஊர் வருகிறது. அந்த அரை ஊர் எது என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். பங்காளிச் சொத்து மாதிரி வைத்திருந்தது என்று பதில் வந்தது. இந்த இடத்திலேயே எனக்கு 15 யூரோ வசூலாகிவிட்டது.

வார நாளில் போங்கள், வார இறுதியில் வங்கி மூடியிருக்கும். உள்ளே பிரபுக்கள் சபை மண்டபம் அப்படியே இருக்கிறது: ஓக் மரச் சுவர்கள், பெரிய கண்ணாடிச் சரவிளக்கு, பாயின் போரையும் டெரி முற்றுகையையும் காட்டும் இரண்டு திரைச்சீலைகள். மக்கள் சபை மண்டபம் இல்லை. 1803-இல் 40,000 பவுண்டுக்குக் கட்டடத்தை வங்கி வாங்கியபோது, அந்த மண்டபம் இனி விவாதத்துக்குப் பயன்படாதபடி மாற்றிக் கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. கடைசி சபாநாயகர் ஜான் ஃபாஸ்டர் செங்கோலை ஒப்படைக்க மறுத்துத் தன்னோடு எடுத்துப்போய்விட்டார். அவர் வாரிசுகளிடமிருந்து 1937-இல் வங்கி அதை வாங்கியது.

அங்கிருந்து டிரினிட்டி வாசல். 1828-இல் கிளேர் கவுண்டி இடைத்தேர்தலில் கத்தோலிக்கத் தலைவர் ஓ'கானல் ஜெயித்த கதையை எல்லாரும் சொல்வார்கள். இவர் அதோடு நிறுத்தாமல் அடுத்த ஆண்டு நடந்ததையும் சொல்கிறார்: கத்தோலிக்கர் உறுப்பினராகலாம் என்று ஒரு கையால் கொடுத்துவிட்டு, ஓட்டுரிமைக்கான சொத்து வரம்பை 40 ஷில்லிங்கிலிருந்து (அதாவது 2 பவுண்டு) 10 பவுண்டுக்கு உயர்த்திவிட்டார்கள். கவுண்டி வாக்காளர்கள் சுமார் 2,16,000-இலிருந்து 37,000 ஆகக் குறைந்தார்கள். ஓ'கானலுக்கு ஓட்டுப் போட்ட குத்தகைக்காரர்களே அடுத்த தேர்தலில் வெளியே.

டாசன் தெருவில் மேன்ஷன் ஹவுஸ் முன்னால் 1918 பொதுத் தேர்தல் வருகிறது. தனி நாடு கேட்ட சின் ஃபெயின் கட்சிக்கு 73 இடம். ஐரிஷ் நாடாளுமன்றக் கட்சி ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ஓட்டு வாங்கி, அயர்லாந்தில் ஜெயித்தது 6 இடம். 1919 ஜனவரி 21 அன்று இந்தக் கட்டடத்தில் முதல் டால் (அயர்லாந்தின் மக்களவை) கூடியபோது வந்திருந்த உறுப்பினர்கள் 27 பேர். வருகைப்பதிவில் பெயர் மேல் பெயராகக் கூப்பிட, "அந்நியர் சிறையில்" என்ற பதிலே திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. டப்ளின் செயின்ட் பேட்ரிக்ஸ் தொகுதியில் ஜெயித்த மார்க்கீவிச்சும் அப்படித்தான். பிரிட்டிஷ் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அவர். அங்கே போய் உட்காரவே இல்லை.

இதன்பிறகு மனிதருக்கு அவசரம். இன்றைய நாடாளுமன்றமான லென்ஸ்டர் ஹவுஸ் வாசலில் நூறு வருடத்தைக் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார். எனக்குப் பெரிய ஏமாற்றம் இதுதான், ஏனென்றால் அயர்லாந்தில் குடியிருக்கும் நாம் இன்று ஓட்டுப் போடும் முறை இங்கேதான் வருகிறது. ஐரிஷ் குடியுரிமை இல்லாத காலத்தில் உள்ளாட்சித் தேர்தலில் மட்டும் ஓட்டுப் போட்டேன். 2024 நவம்பரில்தான் முதன்முறையாக டாலுக்குப் போட்டேன். சீட்டில் 1, 2, 3 என்று வரிசை எண் போட வேண்டும். நம்மூர் எம்.எல்.ஏ.க்கள் ராஜ்யசபாவுக்குப் போடுவது இதே முறைதான், இங்கே அதை ஊரே போடுகிறது. ஒரு தொகுதிக்குப் பல உறுப்பினர்கள்: 1923-இல் கால்வேக்கு 9 பேர் இருந்தார்கள், 1947 சட்டம் அதிகபட்சத்தை 5 ஆக்கியது. 1959-இலும் 1968-இலும் இந்த முறையை ஒழிக்க வாக்கெடுப்பு வைத்தார்கள், மக்கள் இரண்டு முறையும் மறுத்துவிட்டார்கள்.

அமைச்சர் ஜேம்ஸ் டல்லி கதைக்கும் ஒரே வரிதான். 1974-இல் அவர் டப்ளினை மூன்று இடத் தொகுதிகளாக நறுக்கித் தன் கூட்டணிக்குச் சாதகமாகக் கோடு போட்டார். 1977-இல் காற்று மாறியது. அதே கோடுகளுக்குள் எதிர்க்கட்சியான ஃபியன்னா ஃபாயில் 148-இல் 84 இடங்களை அள்ளியது. அடுத்த மறுவரையறை தனி ஆணையத்தின் கைக்குப் போனது. இப்போது 43 தொகுதி, 174 உறுப்பினர். இவ்வளவு நல்ல கதையை எப்படி ஒரு வரியில் விட மனம் வந்ததோ!

வேறு குறைகள்: கையில் கொடுக்கும் வரைபடத்தில் எழுத்து எறும்பு அளவு. நடுவில் கழிப்பறைக்கு நிறுத்தம் இல்லை. மழை வந்தால் குடை அவரவர் பாடு. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள், டிரினிட்டி வாசலைத் தாண்ட மாட்டார்கள்.

ஐந்துக்கு மூன்றரை தருகிறேன்; டவுன்ஷர் பிரபு கணக்கு. லென்ஸ்டர் ஹவுஸ் உள்ளே பார்க்க இலவசச் சுற்று தனியாக உண்டு, அடையாள அட்டை வேண்டும். இதையும் அதையும் வேறு வேறு நாளில் வைத்துக்கொள்ளுங்கள். நடை முடிந்ததும் லீட்ரிம் கவுண்டியை இரண்டு தொகுதிகளாகப் பிரித்து, 2016-இல் மறுபடி சேர்த்ததைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். நடையில் விட்டதையெல்லாம் நடைபாதையில் நின்றே சொல்லித் தருவார், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.