ரிமாண்டில் இருப்பவருக்கு இலவச வக்கீல்: ராமநாதபுரம் கடற்கரைக் குடும்பங்களுக்கு எவ்வளவு பயன்?

மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு தரும் இலவச சட்ட உதவிக்குக் கட்டணம் கிடையாது. சிறையில் இருப்பவருக்கு வருமானச் சான்றும் தேவையில்லை. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆவது பிரிவு, காவலில் உள்ள எவருக்கும் இந்த உரிமையைத் தருகிறது. எந்த நாட்டவர் என்று அது கேட்பதில்லை. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இங்கே ரிமாண்டில் (நீதிமன்றக் காவலில்) இருக்கும் இலங்கை மீனவரும், இலங்கையிலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனையில் வந்திறங்கி வழக்கில் சிக்கியவரும் கேட்டுப் பெறலாம்.

இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்று பார்ப்பார் என்ற பயத்தில் நகையை அடகு வைப்பது வேண்டாம். திருட்டு, அடிதடி போன்ற வழக்குகளில் ஜாமீன் மனு போட இந்தச் சேவையே போதும். கஞ்சா வழக்கு வேறு. பிடிபட்டது 20 கிலோவுக்கு மேல் என்றால் ஜாமீன் விதிகளே கடுமை. அதில் அனுபவம் உள்ள வக்கீலைத்தான் நியமிக்க வேண்டும் என்று முதல் நாளே அழுத்திக் கேளுங்கள்.

15100 என்ற எண்ணுக்குப் பேசலாம். நீதிமன்ற வளாகத்தில் உள்ள அலுவலகத்துக்கு நேரிலும் போகலாம். காவல் நிலையத்தின் பெயர், குற்ற எண், சட்டப்பிரிவுகள், முதன்முதலாக ரிமாண்ட் செய்த தேதி, எந்தச் சிறை, அடுத்த வாய்தா ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வக்காலத்தில் (வக்கீல் தனக்காக வாதாட அனுமதி தரும் தாளில்) சிறைவாசி கையெழுத்திட்டு, சிறை அதிகாரி சான்றொப்பம் போட்டு வெளியே வர வேண்டும். வழக்கு ராமநாதபுரத்திலும் ஆள் மதுரை மத்திய சிறையிலும் என்றால் நாள்கள் வீணாவது இங்கேதான். வெளியே குடும்பம் மனு கொடுக்கும்போதே, உள்ளே இருப்பவரும் சிறையின் சட்ட உதவி மையத்தில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

ரிமாண்ட் தேதியை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. 20 கிலோவுக்கு மேற்பட்ட கஞ்சா வழக்கு நீங்கலாக, பத்தாண்டுக்குக் குறைந்த தண்டனை உள்ள வழக்கில் 60 நாளுக்குள்ளும், பத்தாண்டோ அதற்கு மேலோ, ஆயுளோ தூக்கோ வரை போகக்கூடிய வழக்கில் 90 நாளுக்குள்ளும் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை. ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும். 60 நாள் வழக்கென்றால் 61ஆம் நாள் காலையில் மனு தயாராக இருக்க வேண்டும். மனு போடுவதற்கு முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். வக்கீலிடம் பல வழக்குகள் இருக்கும். இந்தத் தேதியை 55ஆம் நாளே அவருக்கு நினைவூட்டுவது குடும்பத்தின் வேலை.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆவது பிரிவும் முக்கியம். இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் விடுவிக்க வேண்டும்; மற்றவர்களுக்குப் பாதி. மூன்றாண்டுத் திருட்டு வழக்கென்றால் ஓராண்டு அல்லது ஒன்றரை ஆண்டு. நீதிமன்றத்துக்கு எழுத வேண்டிய கடமை சிறைக் கண்காணிப்பாளருடையது. 2024 ஜூலை 1க்கு முந்தைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆயுள், தூக்கு வரை போகும் வழக்குகளுக்குப் பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தாலும் கிடைக்காது. பலர் தடுக்கி விழுவது இதில்தான்.

ஜாமீன் உத்தரவு வந்தும் உள்ளேயே கிடப்பதுதான் இந்தக் கரையின் பெரிய துயரம். ஜாமீன்தாரர் இருவர் வேண்டும், சொத்து மதிப்புச் சான்று வேண்டும் என்பார்கள். புறம்போக்கில் குடியிருப்பவர் எந்தப் பட்டாவைக் காட்டுவார்? அதிலும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கையில் காசே இருக்காது. இதற்கு 2023 ஜனவரி 31ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தெளிவாக வழி சொல்லியிருக்கிறது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்திலும் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றமே பரிசீலிக்கலாம். எட்டாம் நாள் குடும்பமே செயலாளருக்கு எழுத்து மூலம் மனு கொடுத்துவிடுவது நல்லது. ஏழைக் கைதிகளுக்கான 2023ஆம் ஆண்டு மத்திய அரசுத் திட்டத்தில் ஜாமீனுக்கும், தண்டனைக் கைதியின் அபராதத்துக்கும் உதவி உண்டு; தொடங்கியபோது வரம்பு முறையே ரூ.40,000, ரூ.25,000. போதைப்பொருள் வழக்குக்கு இல்லை.

தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து என்ற நிபந்தனையும் கடலுக்குப் போகிறவருக்குப் பாதித் தண்டனைதான். மீன்வளத் துறையிடம் விசைப்படகுக்கு அனுமதி டோக்கன் வாங்கிப் போனால் திரும்புவது மறுநாள். வாரம் ஒரு நாள் என்று மாற்றக் கோரி அதே வக்கீல் மனு போடலாம். கேட்டால் செய்வார்கள், பலருக்குக் கேட்கலாம் என்பதே தெரியாது.

நெரிசல் விஷயத்தில்தான் இந்தச் சேவை பலவீனம். 2022 இறுதியில் நாட்டின் சிறைகளில் 4,36,266 பேருக்குத்தான் இடம். இருந்தவர்களோ 5,73,220 பேர். விசாரணைக் கைதிகள் மட்டும் 4,34,302. தீர்ப்பே வராதவர்களே கிட்டத்தட்ட எல்லா இடத்தையும் நிரப்பிவிட்டார்கள். படுக்க இடமில்லை, மருந்து கிடைக்கவில்லை என்றால் வக்கீல் மனு எழுதித் தருவார், இடத்தை உண்டாக்க அவரால் முடியாது. மாவட்ட நீதிபதி தலைமையிலான விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழுவுக்குப் பெயரை அனுப்பச் சொல்வதே பலன் தரும் வழி. கலெக்டரும் எஸ்.பி.யும் அதில் உறுப்பினர்கள். நோயாளி, ஜாமீன் கிடைத்தும் வெளிவர முடியாதவர் என்றால் காரணத்தையும் மருத்துவச் சீட்டின் நகலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

தண்டனை ஆகிவிட்டால் தீர்ப்பு நகல் இலவசம். மேல்முறையீட்டுக்கு உயர் நீதிமன்றம் என்றால் 60 நாள், மற்ற நீதிமன்றம் என்றால் 30 நாள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலும் இதே சேவை உண்டு.

யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் அடைபட்ட நம் மீனவர்களுக்கு இந்தச் சேவை எட்டாது. அங்கே யாழ்ப்பாண இந்தியத் துணைத் தூதரகம்தான் வழி. படகு எண், பிடிபட்ட தேதி, பெயர்ப்பட்டியல் மூன்றையும் மீன்வளத் துறை வழியாக அன்றைக்கே அனுப்புங்கள்.