ஃபிஸ்கர் கர்மா: மேனி சொந்தம், உறுப்பெல்லாம் இரவல்

நீளம் ஐந்து மீட்டர், அகலம் ஏறத்தாழ இரண்டு மீட்டர், உயரமோ ஒன்றேகால் மீட்டருக்குச் சற்று மேல். 22 அங்குலச் சக்கரங்களின் மீது தரையோடு தரையாகப் படுத்திருக்கும் கர்மாவைப் பார்த்தால், நான்கு கதவுள்ள கார் இவ்வளவு அழகாக இருக்க முடியுமா என்று தோன்றும். பிஎம்டபிள்யூ இசட்8, ஆஸ்டன் மார்ட்டின் டிபி9 ஆகியவற்றில் பேர் வாங்கிய டென்மார்க்காரர் ஹென்ரிக் ஃபிஸ்கரின் கை அது. 2007இல் கலிபோர்னியாவில் நிறுவனம் தொடங்கி, 2011இல் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 2012 ஜூலையில் உற்பத்தி நின்றுபோனது. அதற்குள் பின்லாந்தில் உள்ள வால்மெட் ஆலையிலிருந்து வெளியே வந்தவை சுமார் 2,450 கார்கள். அவற்றில் பல இன்றும் அமெரிக்காவில் கைமாறிக்கொண்டிருப்பதால், வாங்க நினைப்பவர்கள் இதன் உள்ளும் புறமும் தெரிந்துகொள்வது நல்லது.

பின்சக்கரங்களைச் சுழற்றுவது, சார்ஜ் செய்த பேட்டரியில் ஓடும் இரண்டு மின்மோட்டார்கள் மட்டுமே. இரண்டும் சேர்ந்து 403 குதிரைத்திறன், ஏறத்தாழ 1,300 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. முன்னால் ஜெனரல் மோட்டார்ஸிடம் வாங்கிப் பொருத்திய 2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின் இருக்கிறது. அதற்கும் சக்கரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரைப் போல மின்சாரம் தயாரிப்பது மட்டுமே அதன் வேலை. 'ஸ்டெல்த்' நிலையில் ஓட்டினால் பேட்டரி தீரும்வரை எஞ்சின் எழாது. 'ஸ்போர்ட்' நிலைக்கு மாற்றினால் பேட்டரியும் ஜெனரேட்டரும் சேர்ந்து மோட்டார்களுக்குத் தீனி போடும். முழு 403 குதிரைத்திறனும் அப்போதுதான் கிடைக்கும்.

ஸ்டெல்த்தில் கர்மா ஓடும் விதம் அருமை. சத்தமில்லாமல், கனமாக, வழுக்கிக்கொண்டு போகும். எஞ்சின் எழுந்ததும் அந்தச் சுகம் போய்விடுகிறது. புகைபோக்கி வழக்கம்போல் பின்னால் இல்லை, முன்சக்கரத்துக்குப் பின்னே பக்கவாட்டில் திறக்கிறது. ஓட்டுபவருக்கு மிக அருகிலிருந்து அந்த உறுமல் வருகிறது. எஞ்சினின் வேகமும் நம் கால் அழுத்தமும் ஒத்துப்போகாததால், பழகும்வரை வண்டியில் ஏதோ கோளாறு என்றே தோன்றும்.

இந்தக் காரின் உண்மையான குறை அதன் எடைதான். 2.4 டன். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அளவீட்டில், 20 யூனிட் பேட்டரியில் கிடைத்த தூரம் 51 கிலோமீட்டர்தான். அதே காலத்தில் வந்த ஷெவர்லே வோல்ட் 16 யூனிட் பேட்டரியில் 56 கிலோமீட்டர் போனது, விலையும் பாதிக்குக் கீழே. பேட்டரி தீர்ந்தபின் கர்மா லிட்டருக்கு எட்டரை கிலோமீட்டர் கொடுக்கும். பெட்ரோலை மின்சாரமாக்கி, அந்த மின்சாரத்தை மறுபடி சுழற்சியாக்கும்போது ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் இழப்பு. அதன் மேல் இந்தப் பாரம். கூரை முழுக்கப் பதித்த சூரியத் தகடு பார்க்க மிக நன்றாக இருக்கிறது. நாள் முழுக்க வெயில் அடித்தால் அரை யூனிட் சேரும், அதில் ஒன்றேகால் கிலோமீட்டர் போகலாம்.

பேட்டரியைக் காரின் தளத்துக்கு அடியில் பரப்பியிருந்தால் வண்டியின் உயரம் கூடியிருக்கும். வரைந்த உருவத்தை மாற்ற மனமில்லாமல், நடுவில் முதுகெலும்பு போல நீளமாக வைத்துவிட்டார்கள். அதனால் ஆசனம் நான்குதான், பின்னால் உட்காருபவருக்கு நெருக்கம், டிக்கியில் 200 லிட்டர்கூட இல்லை. ஐந்து மீட்டர் காரை, உள்ளிடத்தை அளந்துபார்த்து, சிறிய கார்களின் வகுப்பில்தான் அமெரிக்க அரசு சேர்த்தது.

நிறுவனம் சரிந்ததற்கும் இதே போக்குதான் காரணம் என்பது என் கணிப்பு. உருவம் அவர்களுடையது. எஞ்சின் ஒருவரிடம், பேட்டரி இன்னொருவரிடம், கட்டித்தருவது மூன்றாமவர். இரவல் பொருளை வைத்து நல்ல கார் செய்ய முடியும், ஆனால் ஒவ்வொரு பாகத்தையும் ஆண்டுக்கணக்கில் சோதிக்க வேண்டும். அதற்கு நேரம் ஒதுக்கவில்லை. 2011 டிசம்பரில் 239 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். பேட்டரியைக் குளிர்விக்கும் நீர்க்குழாயின் பிடிவளையம் சரியாக உட்காராததால், நீர் கசிந்து மின்கசிவு ஏற்படலாம் என்ற அச்சம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான்.

அடுத்த அடி பெரியது. 2012 மார்ச்சில், பொருட்களைச் சோதித்து மதிப்பிடும் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 1,07,850 டாலர் கொடுத்து வாங்கிய கர்மா, 320 கிலோமீட்டர்கூட ஓடாத நிலையில் அவர்களுடைய சோதனைத் தடத்திலேயே அணைந்தது. பேட்டரி தயாரித்த ஏ123 நிறுவனத்தின் மிச்சிகன் ஆலையில் ஒரு வெல்டிங் இயந்திரத்தின் அளவு தவறியிருந்தது. பழுதான பேட்டரிகளை மாற்றித்தர ஆகும் செலவு 5.5 கோடி டாலர் என்று அந்நிறுவனம் அறிவித்தது. ஆகஸ்டில் கலிபோர்னியாவின் உட்சைடில் நிறுத்தியிருந்த ஒரு கர்மா தீப்பிடித்தது. காரணம் குளிர்விக்கும் மின்விசிறி ஒன்றின் உட்பழுது. மறுபடி திரும்ப அழைப்பு, இம்முறை எல்லாக் கார்களுக்கும். அக்டோபரில் ஏ123 திவால். அதே மாத இறுதியில் சாண்டி புயல் நியூவார்க் துறைமுகத்தில் நின்ற 300க்கும் மேற்பட்ட கர்மாக்களை உப்புநீரில் மூழ்கடித்தது. அவற்றில் 16 எரிந்தன.

பணம் வந்த வழியும் ஏறக்குறைய அப்படித்தான் அடைபட்டது. அமெரிக்க எரிசக்தித் துறை 52.9 கோடி டாலர் கடன் தர ஒப்புக்கொண்டது. அதில் பெரும்பகுதி, டெலவேரில் வாங்கிய பழைய ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் விலை குறைந்த இரண்டாவது காரைத் தயாரிப்பதற்கு. கர்மா கால இலக்குகளைத் தவறவிட்டதால், சுமார் 19.2 கோடி கொடுத்ததோடு எரிசக்தித் துறை 2011இலேயே நிறுத்திக்கொண்டது. டெலவேரிலிருந்து ஒரு கார்கூட விற்பனைக்கு வரவில்லை. 2013 மார்ச்சில் ஹென்ரிக் ஃபிஸ்கர் விலகினார், ஏப்ரலில் பெரும்பாலான ஊழியர்களை அனுப்பிவிட்டார்கள், நவம்பரில் திவால் மனு. அரசுக்கு நட்டம் 13.9 கோடி டாலர். ஏ123ஐ ஏற்கெனவே வாங்கியிருந்த சீனாவின் வான்ஷியாங் குழுமம், 2014இல் இதையும் 14.92 கோடிக்கு எடுத்தது. கர்மா ஆட்டோமோட்டிவ் என்று பெயர் மாற்றி, ஏறக்குறைய அதே உருவத்தில் 'ரெவெரோ'வை விற்றது. பிறகு அதன் உள்ளே பிஎம்டபிள்யூவின் மூன்று சிலிண்டர் எஞ்சின் வந்தது.

பழைய கர்மாவைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது காகிதம். பேட்டரி மாற்றம், மின்விசிறி மாற்றம் இரண்டும் முடிந்ததற்கான பழுதுபார்ப்புச் சீட்டு இல்லாத வண்டியை விட்டுவிடுங்கள். வெள்ளத்தில் நனைந்தது என்ற குறிப்பு ஆவணத்தில் இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். உப்பு, இணைப்பிகளுக்குள் வருடக்கணக்கில் அரித்துக்கொண்டே இருக்கும்.

அடுத்து, முழுதாகச் சார்ஜ் செய்யச் சொல்லுங்கள். 240 வோல்ட்டில் சுமார் ஆறு மணி நேரம் ஆகும். சார்ஜ் ஏறும்போது முன்பக்கம் விசிறிச் சத்தத்தைக் கவனியுங்கள், உரசலோ கருகல் வாடையோ கூடாது. பிறகு தூரமானியைக் குறித்துக்கொண்டு, ஸ்டெல்த்தில் நிதானமாக, எஞ்சின் தானே எழும்வரை ஓட்டுங்கள். 45 கிலோமீட்டருக்கு மேல் வந்தால் பேட்டரி நலம். 35க்குக் கீழே என்றால் மாற்றுப் பேட்டரி கிடைக்குமா என்று தெரிந்துகொள்ளாமல் பேரம் பேசக்கூடாது.

நடுத்திரையில் எச்சரிக்கைகள் வரிசையாக வந்தால் பதற வேண்டாம், முதலில் 12 வோல்ட் பேட்டரியைச் சோதியுங்கள். கட்டுப்பாட்டுக் கருவிகள் எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. அது சோர்ந்தால், பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் வண்டி எழாது. வண்டியை வாரக்கணக்கில் நிறுத்திவைப்பவர்கள், 12 வோல்ட் பேட்டரிக்குத் தனியாக ஒரு சிறிய சார்ஜரை மாட்டிவைப்பது நல்லது.

தினமும் 40 கிலோமீட்டருக்குள் போய்வந்து, வீட்டிலேயே சார்ஜ் செய்து, இந்த வண்டி தெரிந்த மெக்கானிக்கும் பக்கத்தில் இருந்தால் கர்மா சந்தோஷம் தரும் கார். நெடுந்தூரம் ஓட்டுபவர்களுக்கும் குடும்பத்தோடு பெட்டி படுக்கை ஏற்றிப் போகிறவர்களுக்கும் இது சரிவராது. விலை பேசும்போது 22 அங்குல டயர் நான்குக்கும் ஆகும் செலவைத் தனியே கணக்கிட்டுக் கழித்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் அளவு வேறு என்பதால் இடம் மாற்றிப் போடவும் முடியாது.