கேபிளா, எலக்ட்ரானிக் லிவரா?

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் படகைக் கரையேற்றி, கியருக்கும் ஆக்சிலேட்டருக்கும் புதுக் கேபிள் போட்டேன். எங்களுக்கு வீடு இடிந்தகரையில், படகு நிற்பது சின்னமுட்டத்தில். பக்கத்தில் நிற்கும் மச்சான் படகுக்குப் போன வருஷமே எலக்ட்ரானிக் கன்ட்ரோல் மாட்டியாயிற்று. இதில் லிவரைத் தள்ளினால் ஒயர் வழியாகத் தகவல் போய், எஞ்சின் பக்கம் இருக்கும் மோட்டார் பெட்டி கியரைத் தள்ளும். ஒயர் இழுத்தபோது நானும் கூட இருந்தேன்.

கைக்குச் சுகம் எலக்ட்ரானிக்தான். ஒரு விரலால் தள்ளலாம். அவசரத்தில் ரிவர்ஸுக்கு இழுத்தாலும் எஞ்சின் வேகம் தணிந்த பிறகே கியர் விழும். விலை கேபிளுக்குத்தான் குறைவு. சரி, இதெல்லாம் தெரிந்ததுதான். நான் முடிவு செய்தது பராமரிப்பைப் பார்த்து.

கேபிள் கெடப்போகிறது என்றால் பெரும்பாலும் கைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். லிவர் நாளுக்கு நாள் கனக்கும். முனையில் உள்ள ரப்பரை விலக்கினால் உள்கம்பியில் செம்மண் நிறத்தில் துரு நிற்கும். ஒருமுறை நடுக்கடலில் கியர் கேபிள் அறுந்துபோய், ஒருவர் எஞ்சின் அறையில் இறங்கி கியர் பாக்ஸ் லிவரைக் கையால் தள்ளித்தான் கரை சேர்ந்தோம். போடும்போது கவனம் வேண்டியது வளைவில்: என் கேபிளை 20 செ.மீ. ஆரத்துக்குக் கீழே எங்கும் மடக்கவில்லை, சைலன்சர் குழாய்ப் பக்கம் விடவும் இல்லை.

எலக்ட்ரானிக்கிலும் கியரைக் கையால் தள்ளி வந்துவிடலாம். ஆனால் கோளாறு எங்கே என்று தேடுவதுதான் பெரும்பாடு. மச்சான் படகில் கியர் ஒரு நாள் விழும், ஒரு நாள் விழாது. லிவருக்கும் மோட்டார் பெட்டிக்கும் தகவல் கொண்டுபோகும் ஜோடி ஒயரின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. கரண்டை நிறுத்திவிட்டு அந்த இரண்டு ஒயருக்கும் இடையே அளந்தால், இரண்டு ரெசிஸ்டரும் இணையாகச் சேர்ந்து 60 ஓம் வரவேண்டும். மல்டிமீட்டர் 120 காட்டியது, அதாவது ஒரு ரெசிஸ்டர்தான் தெரிந்தது. அப்படியானால் நடுவில் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. கனெக்டர் ஒவ்வொன்றாகப் பிரித்து, அரை நாள் கழித்து ஒரு பின்னில் பச்சைக் களிம்பைப் பார்த்தோம். அடித்தட்டுத் தண்ணீருக்கு ஒரு சாண் உயரத்தில் அதை மாட்டியிருந்தோம்.

இரண்டு இடத்திலிருந்து ஓட்ட வேண்டிய படகு என்றால் எலக்ட்ரானிக் போடுங்கள். அதற்கு வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர்தான் வேண்டும், வெறும் செம்பு உப்புக்காற்றில் கறுத்துவிடும். இணைப்புகளுக்குப் பசை வைத்த, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டுங்கள். கரண்டைச் செல்ஃப் மோட்டார் ஒயரில் இருந்து எடுக்காமல், பேட்டரியில் இருந்து தனி ஃப்யூஸ் வழியாக எடுங்கள். இல்லாவிட்டால் செல்ஃப் சுற்றும்போது வோல்டேஜ் இறங்கி மோட்டார் பெட்டி அணைந்து எழும்.

எலக்ட்ரானிக்கை நான் பார்த்தது ஒரே ஒரு சீசன், அதுவும் அடுத்தவர் படகில். அந்தக் களிம்பைத் துடைத்து கனெக்டரை மேலே தூக்கி மாட்டிய பிறகு மச்சானுக்குத் தொந்தரவு வரவில்லை. நான் கியருக்கு ஒன்று, ஆக்சிலேட்டருக்கு ஒன்று என்று மாற்றுக் கேபிளைச் சுருட்டி எஞ்சின் அறைக் கூரையில் கட்டி வைத்திருக்கிறேன்.