ஏழு சீட்டு, ஃபோர் வீல் டிரைவ் என்று சொல்லி விற்ற வண்டி: குடும்பத்தோடு போகிறவர்கள் கவனத்துக்கு

கோயம்புத்தூரில் பழைய கார் வாங்கி விற்கும் ஒருவரிடம் போன வருடம் பெரிய டீசல் வண்டி ஒன்று எடுத்தோம். "செவன் சீட்டர், ஃபோர் வீல் டிரைவ், சிங்கிள் ஓனர்" என்று விளம்பரம் போட்டிருந்தார். ஏழு பேர் உட்காரலாம், நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போகும், இதுவரை ஒரே ஒருவர் பெயரில்தான் இருந்தது என்று அர்த்தம். சிங்கிள் ஓனர் என்பது மட்டும்தான் உண்மை. இதே மாதிரி வண்டி தேடிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் நிறைய இருப்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எங்களுக்கு என்ன தேவை என்று முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டோம். ஆனைமலைப் பக்கம் எங்கள் தென்னந்தோப்புக்குப் போகிற கடைசித் துண்டு வெறும் மண் தடம். ஐப்பசி மழையில் சின்ன வண்டி உள்ளே போகாது. என் மாமியாருக்கு மூட்டுவலி. பிள்ளைகள் இரண்டு பேர். குலதெய்வம் கோயிலுக்குப் போனால் நாத்தனாரும் அவர் வீட்டுக்காரரும் கூட வருவார்கள். "அக்கா, நீங்க சொன்னதுக்கு இத விட்டா வேற வண்டியே கிடையாதுங்க" என்றார் அந்த மனிதர். ஓட்டிப் பார்க்க எல் அண்ட் டி பைபாஸில் நேராகக் கொண்டுபோய் நேராகத் திருப்பிக்கொண்டு வந்தார். வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யைக் கேட்டதற்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் இருக்கிறது, பெயர் மாற்றியதும் கைக்கு வரும் என்றார்.

ஆர்.சி. வந்தது. சீட்டிங் கெபாசிட்டி 5. அது டிரைவரையும் சேர்த்துச் சொல்லும் கணக்கு. அப்படியானால் பின்னால் எதிரும் புதிருமாக இருக்கிற இரண்டு பெஞ்சுகள்? கம்பெனி வைத்தவை அல்ல. மேட்டை விலக்கிப் பார்த்தபோது தரையில் கையால் டிரில் போட்டுப் புது போல்ட் இறக்கி, மேலே சிலிகான் பேஸ்ட் அப்பியிருந்தது. சீட் பெல்ட்டும் இருந்தது. அதுதான் என்னை இன்னும் கொதிக்க வைக்கிறது. பெல்ட்டின் முனையை வண்டியின் இரும்பு பாடியில் மாட்டாமல், உட்புற பிளாஸ்டிக் பேனலில் இரண்டு ஸ்க்ரூ போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். கையால் கொஞ்சம் பலமாக இழுத்தேன், பேனலோடு சேர்ந்து வந்துவிட்டது. என் பிள்ளைகள் உட்காரப் போகிற இடம் என்று தெரிந்தே செய்த வேலை இது.

ஆர்.சி.யில் உள்ளதை மீறி வண்டியின் அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி குற்றம். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பிடிப்பதும் இதைத்தான். சட்டத்தை விடுங்கள், பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் குழந்தை, வண்டி முன்னால் மோதும்போது தோள் பக்கமாகத் தூக்கி எறியப்படும். தடுக்க எதுவும் கிடையாது.

அடுத்தது ஃபோர் வீல் டிரைவ். டாஷ்போர்டில் குமிழைத் திருகினால், ஃபோர் வீல் டிரைவ் போட்டாயிற்று என்று காட்டும் ஃபோர் ஹை விளக்கு பச்சையாக அழகாக எரியும். முதல் மழையிலேயே தோப்புத் தடத்தில் பின்சக்கரம் இரண்டும் சுழன்றதே தவிர வண்டி நகரவில்லை. பொள்ளாச்சி மெக்கானிக் லிஃப்டில் ஏற்றிக் காட்டினார். முன்சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோகிற இரும்புத் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட்டே இல்லை. கழற்றிய இடத்தில் பிளாஸ்டிக் கவரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள். உள்ளே பழுதான கியர் பாக்ஸ் சத்தம் போடாமல் இருக்கவே ஷாஃப்ட்டைக் கழற்றியிருக்கிறார்கள் என்றார். கியர் விழுந்துவிட்டது என்று மட்டும்தான் அந்த விளக்கு சொல்லும், முன்சக்கரத்துக்குச் சக்தி போகிறதா என்பது அதற்குத் தெரியாது.

ஆகவே வண்டியை ஒருமுறையாவது கீழே படுத்துப் பாருங்கள், அல்லது லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஜல்லியோ மண்ணோ உள்ள இடத்தில் ஃபோர் ஹை போட்டு, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டம் அடியுங்கள். தேவைப்படும்போது மட்டும் போடுகிற வகை ஃபோர் வீல் டிரைவ் என்றால் வண்டி இறுகி, தயங்கித்தான் திரும்பும். இரண்டு சக்கரத்துக்கு மட்டும் சக்தி போகும்போது திரும்புவது போலவே வழுக்கிக்கொண்டு திரும்பினால் சந்தேகப்படுங்கள். காய்ந்த தார் ரோட்டில் இதைச் செய்யாதீர்கள், நல்ல கியரே கெட்டுவிடும்.

"ஃபோர் வீலுங்க, வால்பாறை ரோட்டுல புள்ளைங்களோட தைரியமா போலாம்" என்றும் விற்றவர் சொன்னார். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது வேண்டியது பிரேக்கும் டயரும். நான்கு சக்கரமும் இழுப்பது வண்டியை நகர்த்த உதவும், நிறுத்த உதவாது. எல்லா காருக்கும் நான்கு சக்கரத்திலும்தான் பிரேக் இருக்கிறது. இரண்டு டன் எடை இறக்கத்தில் தள்ளுவதுதான் மிச்சம். முன்னால் மாட்டியிருந்த இரும்பு பம்பர் கார்டையும் பாதுகாப்பு என்றே விற்றார். அதை 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் கூடாது என்று சொல்லிவிட்டது. மோதுகிற வேகம் சென்ஸாருக்குச் சரியாகப் போகாமல் ஏர்பேக் தடுமாறும். வாங்கிய வாரமே கழற்றிப் போட்டோம்.

இதில் எதுவும் பழுதாக இல்லாவிட்டாலும் இந்த அளவு வண்டி உங்கள் வீட்டுக்கு ஒத்து வருமா என்பது வேறு கேள்வி. அதற்கு வீட்டிலேயே வயதானவர் யாரோ அவரைக் கூட்டிப் போய் ஏற்றி இறக்குங்கள். என் மாமியாருக்குப் படி வைத்தும் இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருக்கிறது. மூன்றாவது வரிசையில் ஆளை உட்கார வைத்துவிட்டுப் பெட்டியை எங்கே வைப்பது என்று அங்கேயே பாருங்கள். அப்பார்ட்மென்ட் என்றால் டேப் எடுத்துப் போங்கள். தமிழ்நாட்டு விதியில் ஒரு கார் நிறுத்தும் இடம் 2.5க்கு 5 மீட்டர். டொயோட்டா ஃபார்ச்சூனர் மாதிரிப் பெரிய வண்டியின் நீளமே 4.8 மீட்டர் கிட்ட வரும். ஸ்டெப்னி மாட்டிய கதவு பக்கவாட்டில் திறக்கிற வண்டியென்றால் பின்னால் சுவர் இருக்கக் கூடாது.

பழைய இன்சூரன்ஸ் பாலிசியைக் கேளுங்கள். ஐந்தாறு வருடம் ஓடிய வண்டிக்கு நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, 50 சதவீதம் கிட்ட இருக்க வேண்டும். பூஜ்யம் என்றால் கிட்டத்தில் கிளெய்ம் வாங்கியிருக்கலாம், ஏன் என்று கேளுங்கள்.

விற்றவர் சொன்ன பதில்: "செகண்ட்ஸ் வண்டிங்க, பாத்துத்தான எடுத்தீங்க." 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிகள் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும். எங்களுக்கு விற்றவரிடம் அது இல்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தோம், அவர் ஒத்து வரவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். எங்கள் கையில் இருக்கும் பலமான ஆதாரம், "ஏழு பேர் போலாம், ஃபோர் வீல் பக்காவா வேலை செய்யுது" என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜும், என் வீட்டுக்காரர் எடுத்து வைத்த விளம்பர ஸ்கிரீன்ஷாட்டும். பணம் கைமாறிய மறுநாளே அந்த விளம்பரத்தை அவர் நீக்கிவிட்டார். நீங்கள் போன் போடுவதற்கு முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், பேசுவதை வாட்ஸ்அப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.