டிவிஎஸ் டயோடா, சர்ஜ் ஸ்டாப்பர் ஐசியா?

காரைக்குடிப் பக்கம் இடிமழை வந்தாலே கிணற்றடி சோலார் கன்ட்ரோலர்கள் படுத்துவிடுகின்றன. வோல்ட் திடீரென எகிறும்போது அவற்றைக் காக்க எதைப் போடலாம்: எகிறும் மின்சாரத்தைத் தன் வழியே திருப்பிவிடும் டிவிஎஸ் டயோடா, வோல்ட்டை அடக்கி வைக்கும் சர்ஜ் ஸ்டாப்பர் ஐசியா?

விலை: டயோடு சில ரூபாய். ஐசி பல மடங்கு.
வேலை: டயோடில் இரண்டு கால்களை இணைத்தால் போதும். ஐசிக்கு மாஸ்ஃபெட் (சுவிட்ச் போன்ற டிரான்சிஸ்டர்), டைமர் கெப்பாசிட்டர் எல்லாம் வேண்டும்.

தாங்கும் திறனில்தான் விஷயமே இருக்கிறது. எஸ்எம்பிஜே வகை டிவிஎஸ் டயோடு 600 வாட் தாங்கும் என்பது மில்லிநொடித் துடிப்புக்கு மட்டும். பேட்டரி வயர் கழன்று 12 வோல்ட் பேனல் 21 வோல்ட்டில் ஏறி நின்றால், அந்த வகையில் 15 வோல்ட்டுக்கான எஸ்எம்பிஜே15ஏ சூடேறிக் கருகி ஷார்ட் ஆகும். எல்டி4363 போன்ற ஐசி, மாஸ்ஃபெட்டின் கேட்டை (கட்டுப்படுத்தும் காலை) பிடித்து வெளியீட்டை அடக்கும், நீடித்தால் துண்டித்துவிடும். அதற்கும் 80 வோல்ட்தான் எல்லை.

வீட்டுக்குள் சின்ன சென்சாருக்கு ஃபியூஸோடு டயோடு போதும். தோட்டத்துக்கு நீள வயர் போகிறதா? ஐசியையே போடுங்கள், முன்னால் ஒரு டயோடும் சேர்த்து. அப்புறம், நேரடி இடிக்கு இரண்டுமே தாங்காது, எர்த்திங் கட்டாயம்.